இளம் டென்னிசு வீரர்களின் இதயத் துடிப்புக் கண்காணிப்பு

இளம் டென்னிசு வீரர்களின் இதயத் துடிப்புக் கண்காணிப்பு என்பது, ஏறத்தாழ 10 முதல் 18 வயது வரையுள்ள டென்னிசு ஆட்டக்காரர்களின் இதயத் துடிப்பு வீதத்தைப் பயிற்சியின்போதும் போட்டியின்போதும் ஓய்வின்போதும் அளந்து, அவர்களின் உடல் தாங்கும் சுமையையும் ஆக்சிசன்வழி உடற்தகுதியையும் மதிப்பிடும் முறையாகும். இவ்வுடற்தகுதி பயிற்சியாளர்களிடையே ஏரோபிக் திறன் என்ற பெயரால் பெரிதும் அறியப்படுகின்றது. முன்பு ஆய்வுகூடங்களில் மட்டும் நடைபெற்ற இவ்வளவீடு, மார்புப் பட்டைகளும் கைக்கடிகாரங்களும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர் சிறிய பயிற்சிக்கூடங்களுக்கும் வந்துவிட்டது. எனினும் துடிப்பு எண்ணைப் பொருள்கொள்ளப் பயன்படும் விதிகளுட் பல வளர்ந்தோருக்காகவும், நெடுந்தூர ஓட்டம் போன்ற தொடர் உழைப்புக்காகவும் உருவாக்கப்பட்டவை. சிறுவர்களுக்கும், விட்டுவிட்டு நிகழும் டென்னிசு ஆட்டத்துக்கும் அவை அப்படியே பொருந்துவதில்லை.

ஆட்டத்தின் இயல்பு

டென்னிசு இடைவிட்ட உழைப்பைக் கொண்ட விளையாட்டு ஆகும். ஒற்றையர் ஆடுகளம் 23.77 மீட்டர் நீளமும் 8.23 மீட்டர் அகலமும் உடையது. அதில் தன் பாதிக்குள் நின்று ஆடுபவர் ஒரு பந்தடிக்குச் சராசரியாக 3 மீட்டர் அளவே நகர்கின்றார். ஒரு புள்ளிக்கான பந்துப் பரிமாற்றம் பெரும்பாலும் 4 முதல் 10 வினாடிகளுக்குள் முடிந்துவிடும். அதன் பின்னர் அடுத்த சர்வீசுக்கு முன் அதிகபட்சம் 25 வினாடி இடைவெளியைப் பன்னாட்டு டென்னிசுக் கூட்டமைப்பின் விதிகள் அனுமதிக்கின்றன. பக்கம் மாறும்போது 90 வினாடியும், ஒரு செட் முடிந்தபின் 120 வினாடியும் ஓய்வு உண்டு. ஒவ்வொரு செட்டின் முதல் ஆட்டத்துக்குப் பின்னரும் டை-பிரேக்கரின் நடுவிலும் பக்கம் மாறும்போது உட்கார்ந்து ஓய்வெடுக்க இயலாது. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால், கடினத் தளத்தில் மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவும், களிமண் தளத்தில் அதனினும் சற்றுக் கூடுதலாகவுமே பந்து ஆட்டத்தில் இருக்கின்றது.

அவ்வாறாயின் இவ்விளையாட்டுக்கு ஆக்சிசன்வழித் திறன் எதற்கு என்ற ஐயம் இயல்பாக எழும். ஒரு சர்வீசுக்கோ வலையை நோக்கிய பாய்ச்சலுக்கோ வேண்டிய ஆற்றலைத் தசையில் சேமிக்கப்பட்டுள்ள பாசுபோகிரியேட்டின் என்னும் சேர்மமே உடனடியாக வழங்குகின்றது. இதற்கு ஆக்சிசன் தேவையில்லை. ஆனால் செலவான பாசுபோகிரியேட்டினை மீண்டும் உருவாக்கும் வேலை ஆக்சிசனைக் கொண்டே நடைபெறுகின்றது. செலவானதில் பாதி மீள்வதற்கு ஏறத்தாழ 20 முதல் 30 வினாடிகள் பிடிக்கும். இது புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளிக்கு மிக நெருங்கிய கால அளவு என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே டென்னிசில் ஆக்சிசன்வழித் திறனின் முதன்மையான பணி, பந்து ஓடும்போது அன்றி, வீரர் துண்டால் முகம் துடைக்கும்போதே நிகழ்கின்றது. இத்திறன் குறைந்தவர் முதல் செட்டில் நன்றாகவே ஆடுவார். மூன்றாம் செட்டில் கால்கள் பந்தைச் சென்றடையாமல் கையை மட்டும் நீட்டி அடிக்கத் தொடங்குவார்.

துடிப்பு எண் காட்டுவதும் மறைப்பதும்

உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிசனின் அளவு மூன்று காரணிகளின் பெருக்கற்பலன் ஆகும். அவை இதயத் துடிப்பு வீதம், ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு, தமனிக் குருதிக்கும் சிரைக் குருதிக்கும் இடையிலான ஆக்சிசன் வேறுபாடு என்பன. இத்தொடர்பு, செருமானிய மருத்துவர் அடோல்ஃப் ஃபிக் 1870-இல் முன்வைத்த கொள்கையிலிருந்து பெறப்படுவது. பட்டையாலும் கடிகாரத்தாலும் அளக்கப்படுவது இம்மூன்றில் முதலாவது மட்டுமே. சீரான வேகத்தில் ஓடும்போது துடிப்பும் ஆக்சிசன் பயன்பாடும் ஏறக்குறைய நேர்கோட்டில் ஒன்றாக உயர்வதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முடிகின்றது.

டென்னிசில் இந்த ஊகம் பல வழிகளில் பிழைபடுகின்றது. முதலாவது, காலத் தாமதம். உழைப்பு தொடங்கியவுடன் துடிப்பு தன் புதிய அளவை எட்டிவிடுவதில்லை. அதற்குப் பல பத்து வினாடிகள் தேவைப்படும். ஆறு வினாடிப் பந்துப் பரிமாற்றம் ஒன்று அதற்கு முன்பே முடிந்துவிடும். கருவிகள் தாமும் கடைசிச் சில வினாடிகளின் சராசரியையே திரையில் காட்டுவதால் தாமதம் மேலும் கூடுகின்றது. ஆகவே ஆட்டத்தின் துடிப்பு வரைபடத்தில் உச்சங்கள் பந்து நின்ற பிறகே தோன்றுவது வழமை. வரைபடத்தின் ஒரு முகட்டைச் சுட்டி, அந்த நொடியில் மாணவன் என்ன செய்தான் என்று தேடுவது பயனற்றது.

இரண்டாவது, சராசரி என்னும் எண். போட்டிகளில் எடுக்கப்பட்ட அளவீடுகளில் சராசரித் துடிப்பு, உச்ச அளவின் 70 முதல் 80 விழுக்காடு வரை காணப்படுகின்றது. இது மிதமான ஓட்டத்தின் துடிப்பை ஒத்திருப்பதால், டென்னிசு வீரர் நாள்தோறும் மெதுவாக நெடுந்தூரம் ஓடினால் போதும் என்று ஒரு காலத்தில் பலர் முடிவு செய்தனர். உண்மையில் அச்சராசரி, கடும் உழைப்பும் முழு ஓய்வும் கலந்த ஒரு பல்முனைக் கோட்டின் நடுப்புள்ளி மட்டுமே. வீரர் அந்த நடுப்புள்ளியில் நிலையாக இருப்பது அரிது.

மூன்றாவது, உழைப்பு அல்லாத காரணங்கள். போட்டிப் பதற்றம் அட்ரீனலினைக் கூட்டித் துடிப்பை உயர்த்தும். அதே தூரம் ஓடினாலும் பயிற்சியில் காட்டும் எண்ணைவிடப் போட்டியில் காட்டும் எண் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலில் வியர்வையால் உடல்நீர் குறையும்போது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதியின் அளவு குறைந்து, அதனை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கும். அதே உழைப்புக்கு நேரம் செல்லச் செல்லத் துடிப்பு ஏறிக்கொண்டே போவது இதனாலேயே. நண்பகல் ஆட்டத்தில் கண்ட எண்ணைக் காலை ஏழு மணிப் பயிற்சியின் எண்ணோடு ஒப்பிட்டு, மாணவனின் தகுதி குறைந்துவிட்டது என்று கூறுவது தவறாகும்.

இத்தனை குறைகளுக்கு இடையிலும் நம்பிக்கையோடு படிக்கத்தக்க ஒன்று உண்டு. அது துடிப்பு ஏறும் அளவு அன்று, இறங்கும் அளவு. பக்கம் மாறும் 90 வினாடியில் ஒரு மாணவியின் துடிப்பு முதல் செட்டில் 180-இலிருந்து 135-க்கு இறங்கியது என்றும், மூன்றாம் செட்டில் அதே 180-இலிருந்து 155-க்கே இறங்கியது என்றும் வைத்துக்கொள்வோம். உச்சம் மாறவில்லை, ஆயினும் மீட்சி 45 துடிப்பிலிருந்து 25-ஆகச் சுருங்கிவிட்டது. களைப்பு, நீரிழப்பு, வெப்பம் ஆகியவற்றில் எது காரணம் என்பதை இவ்வெண் தனித்துச் சொல்லாது. ஆனால் கவனிக்க வேண்டிய நேரம் இது என்பதைச் சொல்லும்.

சிறுவர் உடலும் வளர்ந்தோர் சூத்திரமும்

உச்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. இதன் தோற்றம் 1971-இல் ஃபாக்ஸ், நாட்டன், ஆஸ்கெல் ஆகியோர் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. இதற்கென்று தனியாக ஓர் ஆய்வு நடத்தப்படவில்லை என்பதும், ஏற்கனவே இருந்த தரவுகளின் ஊடாகத் தோராயமாக வரையப்பட்ட கோடே சூத்திரமாகிவிட்டது என்பதும் 2002-இல் இராபர்க்சு, இலேண்ட்வேர் ஆகியோர் எழுதிய மீளாய்வில் விளக்கப்பட்டுள்ளன. வளர்ந்தோரிலேயே இதன் கணிப்பு 10 துடிப்புக்கு மேல் தவறுவது வழமை. 2001-இல் டனாக்காவும் உடனாய்வாளர்களும் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் மாற்றுச் சூத்திரத்தை முன்வைத்தனர்.

சிறுவர்களில் சிக்கல் வேறு வகையானது. பள்ளிப் பருவம் முழுவதிலும் உச்சத் துடிப்பு வயதோடு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைவதில்லை. ஓட்டச் சோதனைகளில் பொதுவாக 195-க்கும் 205-க்கும் இடையில் நின்றுவிடுகின்றது. தனியாள் வேறுபாடோ இந்த இடைவெளியையும் தாண்டிச் செல்லும். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 13 வயது மாணவி ஒருத்திக்குப் பழைய சூத்திரம் தரும் உச்சம் 207. பயிற்சியாளர் 90 விழுக்காட்டில் ஓடச் சொன்னால் கடிகாரத்தில் 186 தெரிய வேண்டும். அவளுடைய உண்மையான உச்சம் 192 எனில், 186 என்பது 97 விழுக்காடு ஆகிவிடும். அவள் ஏறத்தாழத் தன் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னும் எண் வரவில்லை, சோம்பலாக ஓடுகிறாய் என்று கடிந்துகொள்ளப்படுவாள். பக்கத்தில் ஓடும் தோழியின் உச்சம் 210 எனில் அதே 186 அவளுக்கு 89 விழுக்காடே. இருவருக்கும் ஒரே எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைப்பது அறிவியல் போலத் தோன்றினாலும் அறிவியல் அன்று. சூத்திரத்தை விடுத்து, ஓட்டச் சோதனையின் முடிவில் ஒவ்வொருவரிடமும் உண்மையில் பதிவான உச்சத்தைக் குறித்து வைத்துக்கொள்வதே முறையாகும்.

சிறுவரின் இதயம் சிறியது. ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியும் குறைவு. எனவே அதே வேகத்தில் ஓடும் வளர்ந்தவரைவிட அவர்களின் துடிப்பு கூடுதலாக இருப்பது இயல்பே. மாறாக, பருவமடையாத சிறுவரில் கடும் உழைப்புக்குப் பின் துடிப்பு விரைவாக இறங்குகின்றது. இலாக்டேட்டும் குறைவாகவே சேர்கின்றது. குறுகிய ஓய்வுடன் மீண்டும் மீண்டும் விரைந்தோடுவதில் பத்து வயதுச் சிறுவர் பெற்றோரைக் களைப்படையச் செய்வதன் விளக்கம் இதுவே.

வளர்ச்சிப் பருவம் அளவீடுகளை மேலும் குழப்புகின்றது. உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் பெண்களில் சராசரியாக 12 வயதிலும் ஆண்களில் 14 வயதிலும் வருகின்றது. ஆனால் ஓரிரு ஆண்டுகள் முந்துவதும் பிந்துவதும் சாதாரணம். ஒரே 13 வயதுப் பிரிவில் மீசை அரும்பியவனும் குழந்தை முகம் மாறாதவனும் எதிரெதிரே நிற்பது இதனாலேயே. உடல் வளர்வதால் மட்டுமே மொத்த ஆக்சிசன் உள்ளெடுப்பு ஆண்டுதோறும் உயரும். ஓய்வுநிலைத் துடிப்பு குறையும். இவற்றைப் பயிற்சியின் வெற்றி என்று எண்ணிக்கொள்வது எளிது. உடல் எடைக்கு ஈடாகக் கணக்கிட்டால், உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பு ஆண் சிறார்களில் 8 முதல் 18 வயது வரை பெரிதாக மாறுவதில்லை. பெண்களில் பூப்புக்குப் பின், உடற்கொழுப்பின் விகிதம் கூடுவதால், படிப்படியாகக் குறைகின்றது. ஆகவே அவ்வெண்ணைக் குறையாமல் தக்கவைத்துக்கொண்டிருக்கும் 15 வயது மாணவி உண்மையில் முன்னேறிக்கொண்டிருக்கின்றாள்.

கருவிகள்

கம்பியில்லாத முதல் அணியத்தக்க துடிப்புமானி 1982-இல் பின்லாந்தின் போலார் நிறுவனத்தால் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. மார்பைச் சுற்றிய பட்டை இதயத்தின் மின்குறிகையை உணர்ந்து கைக்கடிகாரத்துக்கு அனுப்பும் இவ்வமைப்பே இன்றும் களத்தில் நம்பகமானதாகக் கருதப்படுகின்றது. மணிக்கட்டுக் கருவிகள் வேறு கொள்கையில் இயங்குகின்றன. அவை தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, குருதி ஓட்டத்தால் திரும்பிவரும் ஒளியில் ஏற்படும் மாற்றத்தைப் படிக்கின்றன. மட்டையை இறுக்கிப் பிடிப்பதும் மணிக்கட்டைச் சுழற்றுவதும் இவ்வொளிக்குறிகையில் இரைச்சலைப் புகுத்திவிடும். அணிய நேர்ந்தால் மட்டை பிடிக்காத கையில் அணிதல் நன்று; இரு கைகளாலும் பின்கை அடிப்பவர்களுக்கு அதுவும் முழுத் தீர்வாகாது. சிறுமார்பு உடையவர்களுக்கு வளர்ந்தோர் பட்டை தளர்ந்து நழுவும். பட்டையின் உட்புறத்தை நீரால் நனைக்காமல் அணிவதே தவறான எண்களுக்கு மிகச் சாதாரணமான காரணம்.

போட்டிகளில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவது விதிகளுக்கு உட்பட்டது. வீரரைப் பற்றிய தரவுகளைத் திரட்டும் கருவிகளுக்குப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2014 முதல் ஒப்புதல் முறையை நடைமுறைப்படுத்தியது. மகளிர் டென்னிசுச் சங்கம் 2021-இல் தன் போட்டிகளில் ஒரு வகை அணிகருவியை அனுமதித்தது. இளையோர் போட்டிக்குச் செல்பவர்கள் முன்கூட்டியே நடுவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவி எதுவும் இல்லாவிடில், மணிக்கட்டு நாடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழைய முறை இன்றும் செல்லும். உழைப்பு நின்றவுடன் எண்ணத் தொடங்க வேண்டும் என்பதே நிபந்தனை.

உடற்தகுதிச் சோதனைகள்

ஆய்வுகூடத்தில் ஓடுபொறியில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, முகமூடி வழியாக வெளிவரும் மூச்சுக் காற்றைப் பகுத்தாய்வதே உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பை நேரடியாக அளக்கும் முறை. செலவு மிகுந்த இம்முறைக்கு மாற்றாக உலகெங்கும் பரவியது 20 மீட்டர் மீள் ஓட்டச் சோதனை. கனடாவின் மொண்ட்ரியாலைச் சேர்ந்த இலுக் இலெசெ இதனை 1982-இல் உடனாய்வாளருடன் வெளியிட்டார். ஒரு நிமிடப் படிகளைக் கொண்ட வடிவம் 1988-இல் வந்தது. 20 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் வரைந்து, ஒலிக்குறிக்கு ஏற்ப இரண்டுக்கும் இடையே ஓட வேண்டும். தொடக்க வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர், ஒவ்வொரு நிமிடமும் 0.5 கூடும். பீப் டெஸ்ட் என்ற பெயரில் பள்ளி மாணவர்கள் பலர் இதனை அறிவர்.

8 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு 1988-ஆம் ஆண்டுக் கட்டுரை தரும் சமன்பாட்டில், கடைசிப் படியின் வேகத்தை 3.238-ஆல் பெருக்கி 31.025-உடன் கூட்ட வேண்டும், வயதை 3.248-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். வேகம், வயது, 0.1536 ஆகிய மூன்றின் பெருக்கலை மீண்டும் கூட்ட வேண்டும். 14 வயது மாணவன் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகப் படியை முடித்து நின்றால், விடை ஏறத்தாழ 50 ஆகும். அதாவது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலீட்டர் ஆக்சிசன். இது ஒரு மதிப்பீடே. கோட்டைத் தொட்டுத் திரும்பும் திறமை, மனவுறுதி, தளத்தின் வழுக்கல் ஆகிய அனைத்தும் இதில் கலந்துள்ளன. வீரர்களைத் தரவரிசைப்படுத்துவதைவிட, ஒரே வீரரை அதே தளத்தில், அதே காலணியில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிடுவதற்கே இது ஏற்றது.

முன்னும் பின்னும் மட்டும் ஓடும் இச்சோதனை டென்னிசின் பக்கவாட்டு அசைவுகளை உள்ளடக்கவில்லை என்ற குறைக்கு விடையாக, செருமனியின் அலெக்சாண்டர் ஃபெராட்டியும் உடனாய்வாளர்களும் ஹிட் அண்டு டர்ன் என்னும் சோதனையை 2011-இல் விளக்கினர். இதில் ஒலிக்குறிக்கு ஏற்ப ஆடுகளத்தின் பின்கோட்டருகே இரு மூலைகளுக்கும் மாறி மாறிச் சென்று மட்டையை வீச வேண்டும். பந்து தேவையில்லாததால் பலரை ஒரே நேரத்தில் சோதிக்கலாம்.

பயிற்சியில் பயன்பாடு

சிறுவரிலும் ஆக்சிசன்வழித் திறன் பயிற்சியால் உயரும். ஆனால் உயர்வு சிறியது. சில மாதப் பயிற்சியில் 5 முதல் 10 விழுக்காடு என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பெரிய எண்ணை எதிர்பார்த்துப் பயிற்சியை இரட்டிப்பாக்குவதில் பொருளில்லை. மேலும் ஆட்டத்தின் வடிவத்தையே ஒத்த இடைவிட்டப் பயிற்சி, தனியாக நெடுந்தூரம் ஓடுவதைவிடப் பொருத்தமானது. கூடையிலிருந்து பந்துகளை இரு மூலைகளுக்கும் வீசி, உழைப்புக்கும் ஓய்வுக்கும் நேரம் குறித்துச் செய்தால் ஓட்டமும் அடியும் ஒருங்கே பயிலப்படும். துடிப்புமானியை இங்கே கட்டளையிடும் கருவியாக அன்றி, அடுத்த சுற்றைத் தொடங்கும் முன் துடிப்பு போதிய அளவு இறங்கியதா என்று பார்க்கும் கருவியாகப் பயன்படுத்தலாம்.

துடிப்போடு மாணவரின் சொந்த மதிப்பீட்டையும் பதிவது நல்லது. சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த உழைப்புணர்வு அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிவது விந்தையாகத் தோன்றலாம். அவ்வெண்களைப் பத்தால் பெருக்கினால் 60 முதல் 200 வரையிலான இதயத் துடிப்பு கிடைக்கும் என்பதே அதன் காரணம். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டரின் முறை இன்னும் எளியது. பயிற்சி எவ்வளவு கடினம் என்று 10-க்கு மதிப்பெண் கேட்டு, அதனை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு 6 எனில் சுமை 540. இவ்வெண்ணை வாரந்தோறும் கூட்டி எழுதி வைத்தால், போட்டி வாரத்தில் சுமை திடீரென இருமடங்கானது போன்ற செய்திகள் எளிதில் கண்ணில் படும்.

காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே எடுக்கும் துடிப்பும் பயனுடையது. ஒரு மாணவரின் வழக்கமான அளவைவிடச் சில நாட்கள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் காய்ச்சல், தூக்கமின்மை, தேர்வுப் பதற்றம், மிகைப் பயிற்சி ஆகியவற்றில் ஒன்றைத் தேடலாம். வளரிளம் பெண்களில் இரும்புச்சத்துக் குறைவையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். குருதியில் ஈமோகுளோபின் குறைந்தால் ஆக்சிசனைக் கொண்டு சேர்க்க இதயம் கூடுதலாகத் துடிக்கும். இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை காணப்பட்டதால், இங்குள்ள பயிற்சியாளர் மாணவியின் தகுதிக் குறைவுக்குக் கூடுதல் ஓட்டத்தை விதிக்கும் முன் ஒரு குருதிச் சோதனையைப் பரிந்துரைப்பது அறிவுடைமை.

இளம் வயதில் சுமையை மிகுவிப்பதன் விளைவு டென்னிசு உலகம் அறியாததன்று. அமெரிக்காவின் செனிபர் கேப்ரியாட்டி 1990-இல் 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே ஆட்டத்திலிருந்து விலகினார். பின்னர் மீண்டு வந்து 2001-இல் ஆசுதிரேலிய ஓப்பனை வென்றார். மகளிர் டென்னிசுச் சங்கம் 1995 முதல் வயது வரம்பு விதிகளைக் கொண்டுவந்து, 18 வயதுக்குக் கீழுள்ளோர் ஆடும் போட்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. கேப்ரியாட்டியின் இடர் இதயத் துடிப்பில் தெரிந்திருக்கக்கூடியது அன்று. எந்தக் கருவியும் அளக்காத சுமைகளும் உண்டு என்பதற்கே அவர் இங்கு குறிப்பிடப்படுகின்றார்.

மருத்துவ எச்சரிக்கைகள்

துடிப்புமானி நோயறியும் கருவி அன்று. எனினும் சில வேளைகளில் முதல் தடயம் அதிலேயே கிடைக்கின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது எண் திடீரென 230-க்கு மேல் தாவினால் பட்டையின் பிழையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. உலர்ந்த பட்டையும் செயற்கை இழை மேலாடையின் நிலைமின்னும் இதனைத் தோற்றுவிக்கும். ஆட்டத்தை நிறுத்தி, கையால் நாடியை எண்ணிப் பார்த்தால் ஐயம் தீரும். நாடியும் அவ்வாறே விரைந்து, ஓய்விலும் இறங்காமல் இருந்தாலோ, படபடப்பும் தலைச்சுற்றலும் சேர்ந்தாலோ அது இதயத் துடிப்பு ஒழுங்கின்மையாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

உழைப்பின் நடுவே மயங்கி விழுதல், நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குடும்பத்தில் 50 வயதுக்கு முன் இதயத்தால் நேர்ந்த திடீர் இறப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எண்கள் எவ்வளவு சீராகத் தோன்றினாலும் மருத்துவ ஆய்வுக்கு முன் ஆடவிடலாகாது. ஆட்டம் முடிந்து நின்றபின் வரும் மயக்கத்தைவிட, ஓடும்போதே வரும் மயக்கம் கூடுதல் கவலைக்குரியது. இதயத் தசைத் தடிப்பு நோய், பிறவியிலேயே தடம் மாறிய இதயத் தமனி, மின்னோட்டக் கோளாறுகள் போன்றவை இளம் விளையாட்டு வீரர்களின் அரிதான திடீர் இறப்புகளுக்குக் காரணங்களாக அறியப்பட்டுள்ளன. இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு இதய மின்னலை வரைவுடன் கூடிய மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க இதயச் சங்கம் அத்தகைய கட்டாய மின்னலைச் சோதனையைப் பரிந்துரைக்காமல், குடும்ப வரலாற்றையும் உடற்பரிசோதனையையும் உள்ளடக்கிய 14 குறிப்புகள் கொண்ட பட்டியலை 2014-இல் வெளியிட்டது. எது சிறந்தது என்ற விவாதம் தொடர்கின்றது. அப்பட்டியலின் கேள்விகளுட் பெரும்பாலானவற்றை மாணவர் சேரும் நாளன்றே பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கருவியோ கட்டணமோ தேவையில்லை.